சுழலும் கேமராவைக் கணினியிலிருந்து இயக்குவது: மென்பொருள் தேடுவதிலிருந்து நாமே எழுதுவது வரை

காங்கேயம் பக்கத்தில் என் மச்சான் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பிக் காயவைக்கும் திறந்தவெளி அது. மேகம் கூடினால் உடனே ஆட்களைக் கூப்பிட்டுத் தார்ப்பாய் போட்டாக வேண்டும். நனைந்த பருப்பில் பூஞ்சை பிடித்துவிட்டால் விலை போகாது. களத்தின் நடுக்கம்பத்தில் பழைய டோம் கேமரா ஒன்று இருக்கிறது, எடைமேடைக்கு மேலே புதிதாக வாங்கிய ஐபி கேமரா ஒன்று. இரண்டிலும் மோட்டார் உண்டு. இடம் வலமாகத் திரும்பும், மேலும் கீழும் சாயும், ஜூம் ஆகும். கடைக்காரர்கள் பிடிஇசட் கேமரா என்பார்கள். இரண்டையும் ஆபீஸ் கணினியில் ஒரே இடத்திலிருந்து இயக்க வேண்டும் என்று மச்சான் கேட்டார். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை, அடுத்து இதில் இறங்குபவருக்கு உதவும் வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவைத் திருப்புவது பத்து வரி நிரல். நினைத்த இடத்தில் அதை நிறுத்துவதற்குத்தான் மீதி அத்தனை வரியும். மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, நீங்களே எழுதினாலும் சரி, "இது எப்படி நிறுத்துகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லது எது, சுமார் எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

படி 1: கேமரா எந்த மொழி பேசுகிறது?

மென்பொருளைத் தேடும் முன் ஏணி போட்டு ஏறி வயரைப் பாருங்கள். பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் போகிறது என்றால் அது ஐபி கேமரா. பெரும்பாலும் ஆன்விஃப் பேசும். ஆக்ஸிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008-இல் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம் இது. ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் இயக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். பெட்டியில் ப்ரொஃபைல் எஸ் அல்லது ப்ரொஃபைல் டி என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். அசையாத கேமராக்களுக்கும் அதே ப்ரொஃபைல் சான்று உண்டு. மோட்டாரை ஆன்விஃப் வழியாக இயக்க முடியுமா என்று தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படத்துக்குக் கோஆக்ஸியல் கேபிள், அதோடு கூடவே மெல்லிய இரண்டு வயர் முறுக்கிப் போகிறது என்றால் அது ஆர்எஸ்-485. கட்டளைகள் அந்த இரண்டு வயரில் போகும், மொழி அநேகமாகப் பெல்கோ-டி அல்லது பெல்கோ-பி. களத்தின் நடுக்கம்பத்தில் இருப்பது இந்த வகை. மெல்லிய வயரே இல்லாமல் கோஆக்ஸியல் மட்டும் போகும் கேமராக்களும் இருக்கின்றன. அவற்றில் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டி, படம் வரும் அதே கேபிளில் கட்டளையை எதிர்த்திசையில் அனுப்புகிறது. அதைக் கணினியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது, டிவிஆர் வழியாகத்தான் போக வேண்டும்.

கல்யாண மண்டபத்திலும் தேவாலயத்திலும் நேரலைக்கு வைத்திருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் சோனி உருவாக்கிய விஸ்கா என்ற மொழியைப் பேசும்.

கடைசி வகை, மொபைல் செயலியில் மட்டும் இயங்கும் வைஃபை கேமரா. இதில் அமைப்புகளுக்குள் போய் ஆன்விஃப் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, டாப்போ கேமராக்களில் செயலிக்குள் "கேமரா கணக்கு" என்று தனியாக ஒன்று உருவாக்கினால் ஆன்விஃப் வேலை செய்யும், போர்ட் எண் 2020. அப்படி எதுவும் இல்லாத கேமரா என்றால் மல்லுக்கட்ட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். மூடிய நெறிமுறையை உடைத்து எழுதுகிற நிரல், கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் அடுத்த தடவை மாறியதும் செத்துவிடும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: எழுதும் முன் தேடுங்கள்

ஐபி கேமரா என்றால் முதலில் விண்டோஸ் கணினியில் ஆன்விஃப் டிவைஸ் மேனேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் ஆன்விஃப் கேமராக்களை அதுவே கண்டுபிடித்துப் பட்டியலிடும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, பிடிஇசட் பகுதியில் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். கேமரா திரும்பினால் எந்த ஆன்விஃப் மென்பொருளிலும் திரும்பும் என்று பெரும்பாலும் நம்பலாம். இங்கே திரும்பாவிட்டால், நீங்கள் எழுதப்போகும் நிரலிலும் திரும்பாது. காலாவதியான தோற்றம் கொண்ட மென்பொருள்தான், ஆனாலும் கேமராவில் கோளாறா நம் நிரலில் கோளாறா என்று பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் உங்கள் தேவை என்ன என்று யோசியுங்கள். பார்க்க வேண்டும், திருப்ப வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்றால் ஏஜென்ட் டிவிஆர் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், சொந்த உபயோகத்துக்கு உள்ளூரில் பயன்படுத்தினால் காசு இல்லை. விண்டோஸில் காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் ப்ளூ ஐரிஸ். லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஸோன்மைண்டர் பழைய, நம்பகமான தேர்வு. ஆனால் அதில் ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் ஏற்ற கட்டுப்பாட்டு வகையைத் தேடிப் பொருத்துவதற்குள் பொறுமை போய்விடும். ஆள் நடந்தால் கேமரா தானாகப் பின்தொடர வேண்டும் என்பவர்கள் ஃப்ரிகேட்டைப் பார்க்கலாம். அதற்குக் கேமரா, தன் பார்வைச் சட்டத்தை வைத்துக் கணக்கிடும் ஒப்பீட்டு நகர்வை ஆன்விஃபில் ஆதரிக்க வேண்டும். மலிவான கேமராக்கள் பல இந்த இடத்தில் தோற்றுப்போகும். வீட்டில் ஹோம் அசிஸ்டென்ட் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் அதன் ஆன்விஃப் இணைப்பிலேயே திருப்பும் கட்டளை இருக்கிறது. நேரலைக்காரர்களுக்கு ஓபிஎஸ் மென்பொருளுக்கான பிடிஇசட் செருகுநிரல் உண்டு, விஸ்காவும் பெல்கோவும் அதற்குத் தெரியும்.

பத்தில் எட்டுப் பேருடைய தேவை இந்தப் பத்தியோடு தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. எங்களுக்குத் தீரவில்லை. பழைய டோமும் புதிய கேமராவும் ஒரே ஜாய்ஸ்டிக்கில் இயங்க வேண்டும், எடைமேடையில் லாரி ஏறினால் கேமரா தானாகத் திரும்ப வேண்டும் என்று இரண்டு தேவைகள் இருந்தன. அதனால் எழுத உட்கார்ந்தோம்.

படி 3: கேமராவைத் தயார்செய்வது

கேமராவுக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். ரவுட்டரிலேயே அந்தக் கேமராவுக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பது நல்லது. ஹைக்விஷன் போன்ற சில பிராண்டுகளின் புதிய ஃபர்ம்வேரில் ஆன்விஃப் அணைத்தே வரும். கேமராவின் இணையப் பக்கத்தில் அதை இயக்கி, ஆன்விஃபுக்கென்று தனிப் பயனரையும் உருவாக்க வேண்டும். வழக்கமான நிர்வாகிக் கடவுச்சொல் அங்கே செல்லாது.

அடுத்தது நேரம். இதை யாரும் சொல்லித்தராததால் ஒரு முழு நாள் எனக்குப் போயிற்று. ஆன்விஃபில் உள்நுழையும்போது கடவுச்சொல் அப்படியே போகாது. ஒருமுறை மட்டும் பயன்படும் எண், அப்போதைய நேரம், கடவுச்சொல் மூன்றையும் சேர்த்து எஸ்எச்ஏ-1 முறையில் சுருக்கி அனுப்புவார்கள். கேமராவின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் விலகியிருந்தால், கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் "அனுமதி இல்லை" என்று பதில் வரும். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு எங்கள் கேமராவின் கடிகாரம் 1970 ஜனவரி 1-க்குப் போய்விட்டது. முதல் நாள் வரை ஓடிய நிரல் மறுநாள் காலையில் உள்ளேயே விடவில்லை. கடவுச்சொல்லை நான்கு தடவை மாற்றிப் பார்த்த பிறகுதான் படத்தின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. கேமராவில் என்டிபி முகவரியை, அதாவது சரியான நேரம் சொல்லும் சர்வரின் முகவரியை, கொடுத்து வையுங்கள். களத்தில் இணையம் இல்லையென்றால் ஆபீஸ் கணினியையே நேர சர்வராக்கலாம்.

படி 4: முதல் நிரல்

நான் எடுத்துக்கொண்டது பைத்தான். ஆன்விஃப்-ஸீப் என்ற நூலகம் (தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு), சோப் முறையிலான எக்ஸ்எம்எல் செய்திகளை நம் தலையில் ஏற்றாமல் தானே பார்த்துக்கொள்ளும். நிறுவியதும் அது முதலில் தடுமாறும் இடம், ஆன்விஃப் கட்டளைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்புகள் இருக்கும் கோப்புறை. கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று தேடி, இணைப்பு ஏற்படுத்தும் வரியிலேயே முழுப் பாதையையும் கொடுத்துவிடுங்கள். கடிகார வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டும் விருப்பமும் அந்த வரியில் உண்டு, அதையும் இயக்கிவிடுங்கள்.

இணைப்பு கிடைத்ததும் இந்த வரிசையில் போகலாம்.

முதலில் மீடியா சேவையிடம் ப்ரொஃபைல்களைக் கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் ப்ரொஃபைல் சான்று வேறு, இது படம் வரும் ஓடைக்கான (ஸ்ட்ரீம்) அமைப்புத் தொகுப்பு. ஒரு கேமராவில் முதன்மை ஓடை, துணை ஓடை என்று இரண்டு மூன்று ப்ரொஃபைல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் டோக்கன் என்ற ஓர் அடையாளச் சொல் உண்டு. பிடிஇசட் அமைப்பு இணைந்திருக்கும் ப்ரொஃபைலின் டோக்கனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லாக் கட்டளையும் அதைக் கேட்கும்.

அடுத்து பிடிஇசட் சேவையிடம், அந்த அமைப்பு எதையெல்லாம் ஆதரிக்கிறது என்று கேளுங்கள். நகர்வு மூன்று வகை. ஒன்று தொடர் நகர்வு, "இந்த வேகத்தில் போய்க்கொண்டே இரு" என்பது. இரண்டாவது ஒப்பீட்டு நகர்வு, "இப்போது இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தள்ளிப் போ" என்பது. மூன்றாவது முழு நகர்வு, "இந்த இடத்துக்குப் போ" என்பது. தொடர் நகர்வு அநேகமாக எல்லாக் கேமராவிலும் இருக்கும். மற்ற இரண்டும் இருப்பதாகச் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாத கேமராக்கள் உண்டு. அதனால் கேமரா சொல்வதை அப்படியே நம்பாமல் ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள்.

வேகத்துக்கான பொதுவான எல்லை மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை. கிடைமட்டத்தில் மைனஸ் என்றால் இடம், பிளஸ் என்றால் வலம். செங்குத்தில் பிளஸ் என்றால் மேலே. கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தால் திசை மாறித் தெரியலாம், அதைக் கேமராவின் பட அமைப்பில் சரிசெய்யுங்கள், நிரலில் திருத்தாதீர்கள்.

முதல் சோதனைக்கு வேகம் 0.3 வையுங்கள். வலப்பக்கம் தொடர் நகர்வு, அரை நொடி காத்திருப்பு, பிறகு நிறுத்தும் கட்டளை. மூன்று வரி. கேமரா கொஞ்சமாகத் திரும்பி நின்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 5: நிறுத்துவது

முதல் வாரம் விசைப்பலகையில் அம்புக்குறியை அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும் என்று எழுதியிருந்தேன். அழகாக வேலை செய்தது. ஒரு மதியம் களத்திலிருந்து மேஸ்திரி போன் செய்தார். "அண்ணா, கேமரா ராட்டினமாட்டச் சுத்திட்டே இருக்குதுங்க." ஓடிப்போய்ப் பார்த்தால், வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் வேறொரு சாளரம் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. விசையை விட்ட செய்தி அந்தச் சாளரத்துக்குப் போய்விட்டது, என் நிரலுக்கு வரவேயில்லை. முழு வட்டமும் சுற்றக்கூடிய டோம் என்பதால் தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்த நேரம் அது, களத்தின் எந்த மூலையும் இரண்டு நொடிக்கு மேல் திரையில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நிறுத்தும் பகுதியை முழுக்க மாற்றி எழுதினேன். அதில் நான்கு காவல் இருக்கிறது.

விசை அழுத்தியிருக்கும் வரை, 200 மில்லி நொடிக்கு ஒருமுறை "இன்னும் அழுத்தியிருக்கிறது" என்ற குறிப்பைத் திரைப்பகுதி, கட்டளை அனுப்பும் பகுதிக்குச் சொல்ல வேண்டும். 500 மில்லி நொடிக்கு அந்தக் குறிப்பு வராவிட்டால், கட்டளை அனுப்பும் பகுதி யாரையும் கேட்காமல் கேமராவை நிறுத்திவிடும். இதுதான் முக்கியமான காவல், மற்றவை இதற்குத் துணை. இரண்டாவது, சாளரம் கவனத்தை இழந்தால் உடனே நிறுத்தல். மூன்றாவது, நிரல் எந்தக் காரணத்தால் முடிந்தாலும், பிழை வந்து விழுந்தாலும்கூட, வெளியேறும் வழியில் நிறுத்தும் கட்டளை போகும்படி எழுதுவது. நான்காவது, ஆன்விஃபின் தொடர் நகர்வுக் கட்டளையிலேயே காலாவதி என்று ஒரு மதிப்பைக் கொடுக்கலாம். ஒரு நொடி என்று கொடுத்தால் ஒரு நொடியில் கேமரா தானே நிற்க வேண்டும். சில கேமராக்கள் அதை மதிக்காது. அதனால் கொடுத்துவிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில் இருக்கிறது. கேமராவின் படம் நமக்குத் தாமதமாகத்தான் வருகிறது. விஎல்சி பிளேயர் நெட்வொர்க் ஓடையை இயல்பாகவே ஒரு நொடி தேக்கிவைத்துக் காட்டும். கேட் திரையின் நடுவில் வந்தது என்று நாம் விரலை எடுக்கும்போது கேமரா கேட்டைத் தாண்டி ஒரு நொடி போயிருக்கும். திரும்ப இடப்பக்கம் அழுத்துவோம், மறுபடி தாண்டும். மோட்டார் சரியில்லை என்று பலர் புகார் சொல்வது உண்மையில் இந்தத் தாமதத்தைத்தான். தேக்க அளவை 300 மில்லி நொடிக்குக் குறையுங்கள், திருப்பும் நேரத்தில் முதன்மை ஓடைக்குப் பதில் துணை ஓடையைக் காட்டுங்கள். ஓப்பன்சிவி என்ற பட நூலகம் வைத்துப் படம் காட்டுபவர்கள் படச்சட்டங்களைத் தனி இழையில் (த்ரெட்) இடைவிடாமல் வாசித்துக் கடைசியானதை மட்டும் காட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய சட்டங்கள் வரிசையில் தேங்கித் தாமதம் ஏறிக்கொண்டே போகும்.

ஜூம் பெரிதாக இருக்கும்போது வேகத்தைக் குறைப்பதும் அவசியம். 20 மடங்கு ஜூமில் 0.3 வேகம்கூடப் படத்தை உதறி எடுத்துவிடும். கேமரா தன் ஜூம் நிலையை 0 முதல் 1 வரையான எண்ணாகச் சொல்லும். ஜூம் ஏற ஏற வேகம் இறங்கும்படி ஒரு பெருக்கல் போட்டால் போதும். நல்ல கேமராக்கள் இதைத் தாமாகவே செய்யும், உங்கள் கேமரா செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 6: ப்ரீசெட்

கையால் திருப்புவதைவிட ப்ரீசெட்தான் அன்றாடம் உதவும். களத்தின் வடக்கு மூலை, தெற்கு மூலை, எடைமேடை, கேட், குடோன் வாசல் என்று ஐந்து இடங்களைச் சேமித்துவைத்தோம். மேஸ்திரிக்கு ஐந்து பொத்தான், அவ்வளவுதான். ஆன்விஃபில் சேமிக்க, பட்டியல் கேட்க, போகச் சொல்ல என்று தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. ப்ரீசெட்டில் நிறுத்தும் கவலை நமக்கு இல்லை, கேமரா போய்ச் சேர்ந்ததும் தானே நின்றுவிடும். வேலையாட்களுக்குக் கொடுக்கும் திரையில் அம்புக்குறியே வேண்டாம், ப்ரீசெட் பொத்தான்களை மட்டும் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பெல்கோ வழிவந்த டோம்களில் சில ப்ரீசெட் எண்களுக்குச் சிறப்பு வேலை உண்டு. 33 என்றால் 180 பாகை திரும்பும், 34 என்றால் தொடக்க நிலைக்குப் போகும், 95 என்றால் திரையில் அமைப்புப் பட்டியல் திறக்கும். 1 முதல் 30 வரைக்குள் வைத்துக்கொண்டால் தொந்தரவில்லை.

படி 7: பழைய டோமுக்குப் பெல்கோ-டி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆன்விஃபில் ஒரு சிறு அசைவுக்கு நீளமான எக்ஸ்எம்எல் போக வேண்டும். பெல்கோ-டியில் ஏழே பைட்.

தேவையான பொருள், யூஎஸ்பியை ஆர்எஸ்-485 ஆக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர். எலக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் ஏ, பி என்று இரண்டு திருகுமுனை. கேமராவிலும் இரண்டு, சிலவற்றில் பிளஸ் மைனஸ் என்று எழுதியிருக்கும். இணைத்தும் அசையவில்லை என்றால் வேறெதையும் தொடும் முன் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். ஏ எது பி எது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. தூரம் 1200 மீட்டர் வரை போகும். நீளமான வயர் என்றால் கடைசி முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு வயருக்கும் இடையே வையுங்கள்.

அந்த வயர் ஏற்கெனவே டிவிஆரில் இணைந்திருந்தால் அங்கே கழற்றிவிடுங்கள். ஒரே வயரில் இரண்டு பேர் பேசினால் பைட்டுகள் மோதிச் சிதறும், கேமரா சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. இந்த "சில நேரம்" கோளாறுதான் கண்டுபிடிக்க மிகக் கடினம்.

டோமைத் திறந்தால் உள்ளே குட்டி டிப் ஸ்விட்ச் வரிசை இருக்கும். கேமராவின் முகவரி, வேகம், நெறிமுறை மூன்றும் அதில்தான். பெல்கோ-டிக்கு வழக்கமான வேகம் 2400 பாட், அதாவது நொடிக்கு 2400 பிட். எட்டு டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். பைத்தானில் பைசீரியல் நூலகம் இதற்குப் போதும்.

ஏழு பைட்டையும் பதின்ம எண்ணிலேயே சொல்கிறேன். முதல் பைட் எப்போதும் 255. இரண்டாவது கேமராவின் முகவரி. மூன்றாவது, நான்காவது கட்டளை. ஐந்தாவது கிடைமட்ட வேகம், ஆறாவது செங்குத்து வேகம், இரண்டும் 0 முதல் 63 வரை. ஏழாவது சரிபார்ப்புக் கூட்டல்: இரண்டு முதல் ஆறு வரையான பைட்டுகளைக் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதி. நான்காவது பைட்டில் வலம் என்றால் 2, இடம் 4, மேல் 8, கீழ் 16, ஜூம் உள்ளே 32, ஜூம் வெளியே 64.

முகவரி 1 கொண்ட கேமரா, பாதி வேகத்தில் இடப்பக்கம் திரும்ப:
255, 1, 0, 4, 32, 0, 37

வலமும் மேலும் சேர்ந்து, கிடைமட்டத்தில் 20, செங்குத்தில் 10 வேகம். நான்காவது பைட் 2-ம் 8-ம் சேர்ந்து 10:
255, 1, 0, 10, 20, 10, 41

ப்ரீசெட் 5-ஐச் சேமிக்க:
255, 1, 0, 3, 0, 5, 9

ப்ரீசெட் 5-க்குப் போக:
255, 1, 0, 7, 0, 5, 13

நிறுத்த:
255, 1, 0, 0, 0, 0, 1

இந்தக் கடைசி வரியை நான் எப்போதும் மூன்று தடவை அனுப்புகிறேன். இந்த வயரில் கேமரா பொதுவாகப் பதில் சொல்லாது. கட்டளை போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று நமக்குத் தெரிய வழியில்லை. திரும்பும் கட்டளை தொலைந்தால் மறுபடி அழுத்துவோம், நிறுத்தும் கட்டளை தொலைந்தால் ராட்டினம்தான். ஒருமுறை அனுப்ப எடுக்கும் நேரம் 2400 பாட்டில் சுமார் 29 மில்லி நொடி, மூன்று தடவை அனுப்புவதால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

பெல்கோ-பி என்றால் எட்டு பைட், தொடக்கம் 160, சரிபார்ப்பு முறையும் வேறு. முகவரியை அது பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்பதை மறந்து பலர் தடுமாறுவார்கள். டிப் ஸ்விட்சில் டி-க்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். விஸ்காவில் கட்டளை 129-இல் தொடங்கி 255-இல் முடியும், முதல் கேமராவைத் தொடக்க நிலைக்கு அனுப்ப 129, 1, 6, 4, 255. நெட்வொர்க் வழி விஸ்கா யூடிபி போர்ட் 52381-இல் ஓடும், முன்னால் எட்டு பைட் தலைப்பு சேரும். பெல்கோவை எழுதிப் பழகியவருக்கு இது ஒரு மாலை வேலை.

படி 8: ஜாய்ஸ்டிக், எடைமேடை

சாதாரண விளையாட்டு கேம்பேடே ஜாய்ஸ்டிக்காகப் போதும், பைகேம் நூலகம் அதை வாசிக்கும். குச்சி நடுவில் இருந்தாலும் மதிப்பு சரியாகப் பூஜ்ஜியம் வராது, 0.02, 0.05 என்று ஆடும். 0.12-க்குக் கீழே இருந்தால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேமரா நகர்ந்தும் நகராமலும் ஊர்ந்துகொண்டே இருக்கும், மோட்டார் சூடாகும். மதிப்பு மாறினாலோ ஆன்விஃபில் காலாவதி நெருங்கினாலோ மட்டும், அதுவும் நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் போகாமல் கட்டளை அனுப்புங்கள். குச்சியின் ஒவ்வொரு அசைவையும் அனுப்பினால் பெல்கோ வயரில் கட்டளைகள் வரிசையில் தேங்கும், நிறுத்தும் கட்டளை அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். நிறுத்தும் கட்டளை வந்ததும் காத்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அதை முதலில் அனுப்பும்படி எழுதுங்கள்.

இரண்டு கேமராவையும் ஒரே குச்சியில் இயக்க, நடுவில் ஒரு சின்ன அடுக்கு எழுதினேன். அதற்குத் தெரிந்தது மூன்றே சொல்: நகர், நில், இந்த ப்ரீசெட்டுக்குப் போ. கீழே ஆன்விஃப் இருக்கிறதா பெல்கோ இருக்கிறதா என்பது மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நாளைக்கு விஸ்கா கேமரா வந்தாலும் கீழே ஒரு கோப்பு கூடும், அவ்வளவுதான்.

எடைமேடையின் எடைகாட்டியில் சீரியல் போர்ட் இருந்தது, எடையை எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஒரு டன்னைத் தாண்டி மூன்று நொடி நிலைத்தால் புதிய கேமரா எடைமேடை ப்ரீசெட்டுக்குத் திரும்பும், லாரி இறங்கி இரண்டு நிமிடத்தில் கேட்டுக்குத் திரும்பி வரும். யாராவது ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்திருந்தால் தானியங்கி விலகிக்கொள்ளும். மனிதர் கை வைத்தால் கடைசித் தொடுதலிலிருந்து ஒரு நிமிடம் மென்பொருள் தலையிடக் கூடாது என்று விதி வைத்தோம். இருபத்துநான்கு மணி நேரமும் சுற்றிச் சுற்றிக் காவல் வரும் வசதியை நான் போடவில்லை. மோட்டாரும் பெல்ட்டும் தேய்வதுதான் மிச்சம், ஏதாவது நடக்கும் நேரத்தில் கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

படி 9: வெளியூரிலிருந்து பார்க்க

மச்சான் ஈரோட்டுக்குப் போனாலும் களத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது சுலபமான வழி, அதைச் செய்யவே செய்யாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே, இணையதளங்களின் முகவரியைத் தேடித்தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியது. அமெரிக்காவில் பெரிய தளங்கள் பலவும் அன்று முடங்கின. திருப்பக்கூடிய கேமரா அந்நியர் கையில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம், அவர் விரும்பிய பக்கம் பார்ப்பார்.

வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் வழியாக ஒரு தனி விபிஎன் (வெளியார் எட்டிப்பார்க்க முடியாத தனிப் பாதை) போடலாம், அப்படிப்பட்ட பாதையின் உள்ளேதான் வருகிறார் மச்சான். கேமராக்களுக்கு இணையம் போகும் வழியையே ரவுட்டரில் அடைத்துவிட்டேன், நேரத்தை ஆபீஸ் கணினியிடம் வாங்கிக்கொள்கின்றன. நிரல் பயன்படுத்தும் பயனருக்குத் திருப்பும் உரிமை மட்டும், அமைப்பை மாற்றும் உரிமை இல்லை.

களத்துக்குக் கிழக்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. டோம் முழுதாகச் சுற்றும்போது அவர்கள் வீட்டு வாசலும் கிணற்றடியும் தெரியும். டோமின் அமைப்பில் மறைப்புப் பகுதி என்று ஒரு வசதி உண்டு, அந்தத் திசையில் படத்தின் மேல் கறுப்புக் கட்டம் விழும், கேமரா திரும்பினாலும் ஜூம் ஆனாலும் அந்தக் கட்டம் வீட்டோடேயே ஒட்டிக்கொண்டு நகரும். அதைப் போட்ட பிறகு அந்த வீட்டு அம்மாவை ஆபீஸுக்கே அழைத்துவந்து, ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்துத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னோம்.